லவெல் சுட்ட ஒரே ஒரு தோட்டா

லவெல் ப்ரூசார்ட் எந்த வாசலிலும் நேராக நுழைந்தவனில்லை. தோளைச் சற்றுத் திருப்பி, தலையைக் குனிந்துதான் நுழைவான். லூசியானாவில் ஒப்பலூசாஸ் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே பெஞ்சை உடைத்த உடம்பு அது. பிழைப்பும் அந்த உடம்பை வைத்தே அமைந்தது. ஹூஸ்டனில், காசு கொடுத்து ஆட வைக்கிற அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் அவன் காவலன். பந்தைக் கையில் வைத்து வீசுகிறவன் ஒருத்தன் இருப்பான். அவன்மேல் பாய வருகிறவர்களை மார்பு கொடுத்து நிறுத்துவதுதான் காவலனின் வேலை. அவன் பந்தைத் தொடவே மாட்டான். வீசுகிறவன் பெயரை ஊரே கூவும். காவலன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால், அன்றைக்கு அவன் கோட்டை விட்டுவிட்டான் என்று அர்த்தம். லவெலின் பெயர் அதிகம் வந்ததில்லை. அதுதான் அவனுக்குப் பெருமை.

மனைவி ரெனீட்டா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். மகள் ஜோலி அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ரெனீட்டாவின் அப்பா அல்சீட் கில்லரி நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பக்கத்துப் பேட்டையில் தனியாக இருந்தார். எங்கே போனாலும் மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் பேருந்து ஓட்டப் போகிறவர் மாதிரிதான் வெளியே கிளம்புவார்.

இந்தத் தொழிலில் இருக்கிறவன் எப்போது வீட்டில் இல்லை என்பது நாட்டுக்கே தெரியும். அவன் வெளியூரில் ஆடுவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை லவெல் டென்வரில் முட்டி மோதிக்கொண்டிருந்தான். ரெனீட்டா பிள்ளையோடு தேவாலயத்துக்குப் போயிருந்தாள். வீட்டின் பின்பக்க ஜன்னலைப் பெயர்த்து யாரோ உள்ளே வந்திருந்தார்கள். நகை, கைப்பைகள், கைக்கடிகாரங்கள் எல்லாம் போயின. லவெலின் சப்பாத்துகள் மட்டும் வரிசை கலையாமல் இருந்தன. அந்த அளவு எந்தத் திருடனுக்கும் ஆகாது. அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், லவெலும் சிரித்தான்.

சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. வந்தவர்கள் முந்தின நாள் மீந்த சிவப்பு பீன்ஸையும் சோற்றையும் சூடுபண்ணித் தின்றிருந்தார்கள். தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார்கள். ஜோலியின் கட்டிலில் யாரோ உட்கார்ந்த குழிவு இருந்தது. அந்தக் குழிவை லவெலால் மறக்க முடியவில்லை. ஊரான் பிள்ளையைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவன், தன் பிள்ளையின் கட்டிலைக் காப்பாற்றவில்லை. யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவனாகவே சொல்லிக்கொண்டான்.

உடை மாற்றும் அறையில் அவனுக்குப் பக்கத்து அலமாரிக்காரன் க்வென்டன். அவன் கேட்டான், "டேய் மலை, இன்னுமா நீ ஒண்ணு வாங்கல?"

"என்னத்த?"

"என்னத்தயாம்! இந்த ரூம்ல கையத் தூக்கச் சொல்லு. துப்பாக்கி இல்லாத ஆளு நீயும் சட்டை துவைக்கிற மிஸ்டர் பாப்பும்தான். மிஸ்டர் பாப் வீட்ல நாய் இருக்கு. உன் வீட்ல பூனை கூட இல்ல."

அறையே சிரித்தது. அந்த வாரமே க்வென்டன் அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் இவனை அடையாளம் கண்டுகொண்டு, சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். லவெலின் உள்ளங்கையில் அந்தக் கைத்துப்பாக்கி பொம்மை போலக் கிடந்தது.

ரெனீட்டா அதைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஜோலி கையில கிடைச்சா?"

"பூட்டு வச்ச பெட்டி இருக்கு. என் விரல் பட்டாத்தான் திறக்கும்."

"உன் விரலே எனக்குப் பயமா இருக்கு லவெல். ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல நீ."

"நான் இருக்கேன், இது இருக்கு. இனிமே வேற யாரும் இந்த வீட்டப் பாத்துக்க வேண்டாம்."

அவன் அப்படி வீறாப்பாகச் சொன்னதால்தான், ரெனீட்டா செய்த ஒரு ஏற்பாட்டை அவனிடம் சொல்லவில்லை. அவன் வெளியூரில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நடை வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும்படி அப்பாவிடம் கேட்டிருந்தாள். வண்டிக் கொட்டகைக் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணையும் கொடுத்திருந்தாள். கில்லரி வருவார், ஜன்னல்களை இழுத்துப் பார்ப்பார், அடுப்படிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். மாப்பிள்ளையின் மானத்துக்குப் பங்கம் வரக்கூடாது என்று அவரும் வாய் திறக்கவில்லை.

அணி நிர்வாகம் ஆட்டக்காரர்களுக்காக ஒரு பாதுகாப்பு வகுப்பு வைத்தது. காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து பேசினார். "சத்தம் கேட்டா முதல்ல அறைக் கதவத் தாழ்ப்பாள் போடுங்க. போலீசைக் கூப்பிடுங்க. வெளிய இருக்கறது யாருன்னு உரக்கக் கேளுங்க. கேக்காம சுட்டவங்க நிறையப் பேர நான் பாத்திருக்கேன். அதுல முக்கால்வாசிப் பேர் சுட்டது தெரிஞ்ச ஆளத்தான்." கடைசி வரிசையில் க்வென்டன், "யாருங்க அது, காபி சாப்பிடறீங்களா?" என்று குரல் மாற்றிச் சொல்ல, லவெல் மேசை குலுங்கச் சிரித்தான்.

நாள் ஆக ஆக, பெட்டிக்குள் இருந்த துப்பாக்கி வெளியே வந்தது. ஜோலி வீட்டில் இல்லாத நேரங்களில் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்தது. பிறகு லவெலின் இடுப்புக்கு வந்தது. அது இருந்தால் தைரியம் வரும் என்று நினைத்தான். இருக்க இருக்கப் பயம்தான் வளர்ந்தது.

டிசம்பரில் பயிற்சியின்போது அவனுக்கு முழங்கால் பிசகியது. அந்த வார ஆட்டம் கன்சாஸ் சிட்டியில். நீ வர வேண்டாம், வீட்டில் காலை நீட்டிப் படு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை ரெனீட்டா, "தேவாலயம் முடிஞ்சு அக்கா வீட்ல சாப்பிட்டு வரோம்" என்று சொல்லி ஜோலியோடு கிளம்பினாள். போகிற வழியில் அப்பாவுக்கு, இன்றைக்கு வர வேண்டாம், லவெல் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். கில்லரி கைபேசியைப் பேசுவதற்கு மட்டுமே வைத்திருப்பவர். அதில் எழுத்து வரும் என்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

மத்தியானம் லவெல் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் புதுப் பையன் ஒருத்தனை இறக்கியிருந்தார்கள். பையன் நன்றாகவே ஆடினான். வர்ணனைக்காரர், "ப்ரூசார்ட் இல்லாத குறையே தெரியல" என்றார். லவெல் கடுப்பில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான். அப்போதுதான் அடுப்படியில் ஜன்னலை யாரோ இழுத்துப் பார்க்கும் ஓசை கேட்டது.

வகுப்பில் சொன்ன ஒன்றும் அவன் நினைவுக்கு வரவில்லை. தாழ்ப்பாளும் இல்லை, போலீசும் இல்லை, யார் என்ற கேள்வியும் இல்லை. நொண்டிக்கொண்டே எழுந்து போனான். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு தொப்பி, ஒரு கை, கையில் என்னவோ ஒன்று. சுட்டுவிட்டான்.

தோட்டா அந்த ஆளின் காதோரமாகப் போய்ச் சுவரைத் துளைத்தது. கையில் இருந்த பூவாளி தரையில் விழுந்து உருண்டது. அந்த ஆள் மண்டியிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"எடுத்துக்கங்க சார், எல்லாத்தையும் எடுத்துக்கங்க. நான் உங்க மூஞ்சியப் பாக்கல. இது என் பொண்ணு வீடு, நான் சும்மா தண்ணி ஊத்த வந்தேன். சுடாதீங்க சார்."

மாப்பிள்ளை கன்சாஸ் சிட்டியில் இருப்பதாகத்தான் கில்லரி நினைத்திருந்தார். தன்னைச் சுட்டது திருடன் என்றே நம்பினார். தன் மாமனார் தன்னைச் சார் என்று கெஞ்சுவதை லவெல் கேட்டான். துப்பாக்கியை அடுப்பு மேடையில் வைத்தான். அது சரிந்து தட்டுகளின் மேல் விழுந்தது.

"மாமா... நான்தான் மாமா. லவெல்."

கில்லரி கண்ணைத் திறந்தார். அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து தன்னைப் பார்த்தார். காக்கிக் கால்சட்டை தொடையிலிருந்து கணுக்கால் வரை நனைந்திருந்தது. பூவாளித் தண்ணீர் அவர் பக்கம் வரவே இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. லவெல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குள் தெருவில் போலீஸ் வண்டியின் ஊளை கேட்டது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட அண்டை வீட்டார் யாரோ கூப்பிட்டிருந்தார்கள்.

லவெலின் மனது அப்போது ஓடிய ஓட்டத்தை நினைத்தால் பிற்பாடு அவனுக்கே அருவருப்பாக இருக்கும். மாமனார் பிழைத்தாரே என்ற நினைப்பு வரவில்லை. மாமனாரைச் சுட்டவன் என்று செய்தி வருமே, இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறதே, ரெனீட்டா என்ன சொல்வாள், க்வென்டன் எப்படிச் சிரிப்பான்... இவைதான் வந்தன.

"மாமா, திருடன் வந்தான்னு சொல்லிடலாம். சுட்டதும் ஓடிட்டான்னு. நீங்க உள்ள போய் வேற கால்சட்டை மாத்திக்கங்க. உங்களப் பத்தி யாருக்கும் தெரிய வேண்டாம், என்னைப் பத்தியும் வேண்டாம்."

கில்லரி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதைச் சம்மதம் என்று லவெல் எடுத்துக்கொண்டான்.

வந்த போலீஸ்காரம்மா பதமாகத்தான் பேசினார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்? ஆள் எப்படி இருந்தான்?"

"குள்ளமா... தொப்பி போட்டிருந்தான். நீலச் சட்டை. பின் வேலியத் தாண்டிக் குதிச்சிட்டான்."

நீலம் ஏன் வாயில் வந்தது என்று கடைசி வரை அவனுக்குத் தெரியவில்லை. பொய்க்கு ஒரு நிறம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெருவில் கூச்சல் கேட்டது. லவெல் முன்கதவைத் திறந்து பார்த்தான். நீலச் சட்டை போட்ட ஒருவரைப் புல்வெளியில் குப்புறக் கிடத்தி, கையைப் பின்னால் விலங்கிட்டிருந்தார்கள். நாலு வீடு தள்ளி நீச்சல் குளம் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த அன்செல்மோ அவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்திருந்தார். குள்ளம்தான், தொப்பியும் இருந்தது. குளத்துச் சல்லடைக் கம்பு ஓரமாகக் கிடந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து விழுந்த கைபேசி புல்லில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் படம் பிடித்தார்கள்.

"இவன்தானா சார்?" என்று கேட்டார் போலீஸ்காரம்மா.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்படிக் குப்புறக் கிடப்பது எப்படி இருக்கும் என்று லவெலுக்குத் தெரியும். ஒப்பலூசாஸில், மீசை அரும்பிய வயதில், கடைக்குப் போய்த் திரும்பிய அவனையும் இப்படித்தான் கொதிக்கும் தார் ரோட்டில் குப்புறப் போட்டார்கள். யாரோ எதையோ திருடியிருந்தான், இவன் பெரிய உடம்புக்காரன், கறுப்பன், அது போதுமாக இருந்தது. கன்னம் பொத்துப்போனது. அன்று எதிர்க் கடை வாசலில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பார்த்த கடைக்காரனை அவன் ஆயுசுக்கும் வெறுத்தான்.

"சரியாத் தெரியல. இருக்கலாம்" என்றான்.

அன்செல்மோ தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இந்த ஆள் யார், எனக்கும் இவனுக்கும் என்ன என்று புரியாமல் பார்த்தார். போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கி வண்டிக்கு நடத்தப் போனார்கள்.

அப்போது லவெலின் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "கொஞ்சம் வழி விடு மாப்ளே."

கில்லரி கால்சட்டையை மாற்றியிருக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, நனைந்த காக்கியோடு, தெருவே பார்க்க வாசல் படியிறங்கி நடந்தார். பேருந்திலிருந்து இறங்குகிறவர் மாதிரி நிதானமாகப் போய்ப் போலீஸ்காரம்மாவின் முன் நின்றார்.

"அந்த ஆள விடுங்க மேடம். வீட்டுக்குள்ள வந்தது நான்தான். அல்சீட் கில்லரி என் பேரு. இது என் பொண்ணு வீடு. என் மாப்பிள்ளை என்னைத் திருடன்னு நினைச்சிச் சுட்டுட்டாரு. வேற எவனும் வரல, எவனும் ஓடல."

"பயந்துட்டுச் சொல்லாதீங்க ஐயா. உங்கள யாராவது..."

"பயந்ததெல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சு மேடம். பாருங்க." அவர் தன் கால்சட்டையைக் காட்டினார். "திருடனப் பாத்து இல்ல, இவரப் பாத்து. போதுமா? அவுத்து விடுங்க அந்த மனுஷன."

படம் பிடித்துக்கொண்டிருந்த பெண் கைபேசியை மெல்லக் கீழே இறக்கினாள். போலீஸ்காரம்மா விலங்கை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, லவெல் பக்கம் திரும்பினார். சற்று முன்பு இருந்த பதம் அந்தக் கண்ணில் இல்லை.

"நீங்க வாங்க சார். பேசணும்" என்றார்.

தோளைத் திருப்பாமல் இறங்கியதில் கதவு நிலை அவன் தோளை இடித்தது. எட்டு மாதக் குழந்தை முதல் எண்பது வயதுக் கிழவர் வரை தெருவில் நின்ற எல்லோரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. உண்மையில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக அவர்கள் கூசியது, அவர்கள் திட்டியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட மோசமாக இருந்தது.

பொய்ப் புகார் கொடுத்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். அபராதமும், பொதுப்பூங்காவில் குப்பை பொறுக்கும் வேலையும் கிடைத்தன. மிச்ச ஆட்டங்களில் அணி அவனை இறக்கவில்லை. வானொலியில் காலை நிகழ்ச்சிக்காரர்கள் ஒரு வாரம் அவனை வைத்தே பிழைத்தார்கள். "உங்க மாமனாரோட சண்டையா? ப்ரூசார்டைக் கூப்பிடுங்க!" என்று பாட்டே கட்டினார்கள். க்வென்டன் மட்டும் சிரிக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னையும் சேத்து உதைக்கணும்டா" என்றான். அந்த வேடிக்கைகளெல்லாம் லவெலுக்கு உறைக்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சுட்டதைப் பற்றித்தான் எல்லோரும் சிரித்தார்கள். அந்த இன்னொரு சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரெனீட்டா பேசினாள். ஜோலியின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"சுட்டத நான் மன்னிச்சிடுவேன் லவெல். பயம். எனக்கும்தான் பயம். அப்பாகிட்ட சொல்லி வச்சத உன்கிட்ட மறைச்சதுல என் தப்பும் இருக்கு. ஆனா ஒருத்தர் தரையில கிடக்கறாரு, நீ நின்னுக்கிட்டு 'இருக்கலாம்'னு சொன்னியாமே. உன் கன்னத்துத் தழும்ப எத்தனை தடவை நான் தடவியிருக்கேன். இனிமே எப்படித் தொடுவேன், சொல்லு?"

அவள் பிள்ளையோடு அப்பா வீட்டுக்குப் போனாள்.

அன்செல்மோவுக்கு வழக்கறிஞர் மூலம் மன்னிப்புச் சொல்லி அனுப்பலாம் என்றார்கள். லவெல் வேண்டாம் என்றான். ஆனால் நேரில் போகவும் துணிவு வரவில்லை. அவர் அந்தத் தெருவுக்கு வரும் நாட்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே கிடந்தான். எதிரணி வீரர்களைப் புழுதியில் புரட்டியவன், ஒரு குள்ள மனிதரின் சல்லடைக் கம்புக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தான். வசந்தம் வந்த பிறகு ஒருநாள், ஒளிந்திருப்பது தாங்க முடியாமல்தான், தைரியம் வந்து அல்ல, வெளியே போனான்.

அன்செல்மோ வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான்தான்... அன்னைக்கு..." என்று தொடங்கினான் லவெல்.

"தெரியுதுங்க. உங்கள மறக்க முடியுமா, இம்மாம் பெரிசு."

"நான் செஞ்சது பெரிய தப்பு. நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

அன்செல்மோ குழாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியாம சொன்னீங்கன்னுதான் இத்தனை நாள் என் சம்சாரத்துக்குச் சொல்லிட்டிருந்தேன். அவ நம்பல. அன்னைக்கு அவதான் போன் பண்ணிட்டே இருந்தா. அடிக்குது, எடுக்க முடியல. வெளிநாட்டுலேர்ந்து பிழைக்க வந்தவன்னு என்னை இந்த நாட்ட விட்டே அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு அழுதிருக்கா." குழாயை வண்டிக்குள் எறிந்தார். "அந்தப் பெரியவர் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"அவரக் கேட்டேன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டி போன பிறகும் லவெல் நடைபாதையிலேயே நின்றான். தெரியாமல் செய்தான் என்று அந்த மனிதர் வைத்திருந்த ஒரே ஆறுதலையும் தான் போய்ப் பறித்துவிட்டு வந்தோமோ என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று போலீஸ் எடுத்துப்போன துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. அவன் போகவில்லை. அதற்காகப் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. காற்றடித்தால் இப்போதும் எழுந்துபோய் ஜன்னல்களை இழுத்துப் பார்க்கிறான். அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு ஊரில் ஒரு வருடம் ஆடினான், பிறகு முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

ரெனீட்டா திரும்பி வந்தது அதற்கும் பிறகுதான். என்ன சொல்லி வந்தாள் என்பதை இருவரும் வெளியே சொல்லவில்லை. நவம்பரில் வருகிற நன்றித் திருநாள் விருந்துக்குக் கில்லரியும் வந்தார். கம்போ குழம்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார், ஆட்டத்தைப் பார்த்து நடுவரைத் திட்டினார். மாப்பிள்ளையிடம் அன்று போல இன்றும் ஒரு கடுஞ்சொல் இல்லை.

ஆனால் அவர் இப்போதெல்லாம் மகள் வீட்டுக்குள் சும்மா நுழைவதில்லை. கதவு திறந்தே இருந்தாலும், ஜோலி எதிரே நின்று கையைப் பிடித்து இழுத்தாலும், படியிலேயே நின்று தொப்பியைக் கழற்றுவார். "நான்தான், அல்சீட். உள்ள வர்றேன்" என்று உரக்கச் சொல்வார். வாங்க என்று லவெலின் குரல் கேட்ட பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் செய்யவில்லை. கால் தானாக நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் லவெல், "வாங்க மாமா" என்கிறான். சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் போய் நிற்கிறான்.